விண்கப்பலில் ஒரு மாமியார்

மெக்கானிக்: கதவைத் தள்ளாதீங்க மேடம். தள்ளினா திறக்காது. திறந்துட்டா அதைவிட மோசம்.

பெண்: அப்போ நான் என்னதான் பண்றது?

மெக்கானிக்: ஒண்ணும் பண்ண வேண்டாம். கீழ உக்காருங்க. லிஃப்ட் அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல நிக்குது. நான் ஆறாவது மாடியில கதவு இடுக்குல வாயை வச்சுப் பேசிக்கிட்டிருக்கேன்.

பெண்: நீங்க யாரு?

மெக்கானிக்: லிஃப்ட் மெக்கானிக். வாட்ச்மேன் அண்ணன்தான் போன் பண்ணாரு. மொட்டை மாடியில மோட்டார் ரூம் பூட்டியிருக்கு, சாவி எடுக்கப் போயிருக்காரு. வந்ததும் மேல போய், கையாலயே சக்கரத்தைச் சுத்தி உங்களை இந்த மாடிக்குக் கொண்டு வந்துடுவேன்.

பெண்: சாவி எங்க இருக்கு?

மெக்கானிக்: அதைத்தான் தேடறாரு.

பெண்: ...இதுக்குள்ள காத்து வருமா?

மெக்கானிக்: தாராளமா வரும். மேல பாருங்க, ஓட்டை ஓட்டையா இருக்கும்.

பெண்: எட்டாவது மாடியில எனக்காகக் காத்துக்கிட்டிருக்காங்க. இந்தத் தடவையும் விட்டேன்னா அவ்வளவுதான். இனிமே கூப்பிடவே மாட்டாங்க.

மெக்கானிக்: இன்டர்வியூவா?

பெண்: அந்த மாதிரிதான். போன தடவை எல்லாம் நல்லாத்தான் பேசினேன். கடைசியா ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க... அதுல மாட்டிக்கிட்டேன்.

மெக்கானிக்: இந்தத் தடவை லிஃப்ட்லயே மாட்டிக்கிட்டீங்க.

பெண்: எனக்குச் சிரிப்பு வரல.

மெக்கானிக்: தப்புதான். ...மேடம்? மேடம், ஏன் பேச்சைக் காணோம்?

பெண்: இருக்கற மின்சாரம் காத்துக்கே காணாது... வேற வழியில்ல... கணக்குப்பிள்ளையை அணைச்சிடுங்க...

மெக்கானிக்: என்னது? யாரை அணைக்கணும்? உள்ள எத்தனை பேர் இருக்கீங்க?

பெண்: நான் மட்டும்தான். பயத்துல வாய் தானா உளறுது. அது ஒரு வசனம்.

மெக்கானிக்: வசனமா?

பெண்: ஒரு... தொடர்ல வர்ற வசனம். ‘தூரத்து வீடு’ன்னு.

மெக்கானிக்: அட, ‘தூரத்து வீடா’? நான் பார்ப்பேனே.

பெண்: ...நீங்க பார்ப்பீங்களா?

மெக்கானிக்: விடாம பார்ப்பேன்.

பெண்: ‘தூரத்து வீட்டை’... விடாம?

மெக்கானிக்: முதல் நாள்லேருந்து. வீட்டுக்குப் போய் சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடி அதைத்தான் போடுவேன்.

பெண்: அப்படியா... எங்க, கதை என்னன்னு சொல்லுங்க பாப்போம்.

மெக்கானிக்: அதான்... கப்பல்ல போவாங்களே. இருக்கற மின்சாரம் தீந்து போயிடும். கடலை என்ன அழகா எடுத்திருக்கான்...

பெண்: அது வானத்துல போற கப்பல்.

மெக்கானிக்: வானத்தைத்தான் கடல் மாதிரி எடுத்திருக்கான்னு சொல்ல வந்தேன். நடுவுல பேசாதீங்க.

பெண்: சரி. அதுல உங்களுக்கு யாரைப் பிடிக்கும்?

மெக்கானிக்: முதல்ல நீங்க சொல்லுங்க.

பெண்: கேப்டனம்மாவை.

மெக்கானிக்: அவங்களா? சுத்தமாப் பிடிக்காது எனக்கு.

பெண்: ஏன்?

மெக்கானிக்: திமிர். நடையிலேயே தெரியுமே.

பெண்: அவங்க நடக்கவே மாட்டாங்க. கப்பல்ல எடையே கிடையாது. எல்லாரும் மிதப்பாங்க.

மெக்கானிக்: மிதக்கறதுலயும் ஒரு அடக்கம் வேணும் மேடம். அவங்க தலையைத் தூக்கிக்கிட்டு மிதக்கறாங்க.

பெண்: அவங்க என்ன தப்புப் பண்ணாங்க சொல்லுங்க. பூமியை விட்டு, புருஷனை விட்டு, அந்தக் கப்பலே கதின்னு வந்தவங்க.

மெக்கானிக்: அதைத்தான் நானும் சொல்றேன். எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவங்க, கடைசியில கணக்குப்பிள்ளையையும் விட்டுட்டாங்க.

பெண்: ஓ... கணக்குப்பிள்ளைதான் உங்க ஆளா?

மெக்கானிக்: அவரேதான். என்ன மனுஷன்.

பெண்: அது மெஷின்.

மெக்கானிக்: ...மனுஷன் மாதிரி நடிக்கிறாரேன்னு சொன்னேன்.

பெண்: சுவத்துல பதிச்ச ஒரு பெட்டி. பச்சை விளக்கு ஒண்ணு எரியும். யாருக்கு எவ்வளவு காத்து வேணும்னு அளந்து விடும். அவ்வளவுதான்.

மெக்கானிக்: அந்த விளக்குலயே என்ன நடிப்பு பாத்தீங்களா?

பெண்: ...பாத்தேன். சரி, சமையல்காரருக்கும் டாக்டரம்மாவுக்கும் வர்ற காதல் எப்படி?

மெக்கானிக்: தேவையே இல்லாத ஒட்டு.

பெண்: தேவையில்லையா? நிஜமாவா?

மெக்கானிக்: கப்பல்ல காத்தே இல்லைங்கறான். இதுல அவங்க ரெண்டு பேரும் பெருமூச்சு வேற விட்டுக்கிட்டு. தூக்கிப் போட்டா கதை சுருக்கா ஓடும்.

பெண்: ம்... எனக்கும் அப்படி ஒரு சந்தேகம் இருந்துச்சு.

மெக்கானிக்: இவ்வளவு நேரமா இதுல ஒண்ணுதான் ஒத்துக்கிட்டீங்க.

பெண்: ஆனா முடிவு நல்லாத்தானே இருக்கு? கப்பல் பழுதாகி நின்னுடுது. மூச்சு விடணும்னா கணக்குப்பிள்ளையை நிறுத்தணும். கேப்டனம்மா அழுதுக்கிட்டே அணைக்கறாங்க. பச்சை விளக்கு போயிடுது. அத்தோட முடிஞ்சுது.

மெக்கானிக்: அதை முடிவுன்னு சொல்லாதீங்க மேடம். வயிறு எரியுது.

பெண்: பாக்கறவங்க அழுவாங்களே.

மெக்கானிக்: யாரு அழுதா? எனக்குக் கோவம்தான் வந்துச்சு.

பெண்: கோவமா... எதுக்குக் கோவம்? சொல்லுங்க. விளையாட்டுக்கு இல்ல, நிஜமாத்தான் கேக்கறேன்.

வாட்ச்மேன்: தம்பி, சாவி கிடைச்சிடுச்சு. என் பாக்கெட்லயேதான் இருந்திருக்கு.

மெக்கானிக்: நல்லா இருக்கு அண்ணே. குடுங்க, நான் மேல போறேன். நீங்க இங்கயே நின்னு மேடம்கிட்ட பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க. ‘தூரத்து வீடு’ பத்திப் பேசிக்கிட்டிருந்தோம். நீங்களும் பார்ப்பீங்கல்ல?

வாட்ச்மேன்: நானா...

மெக்கானிக்: பார்ப்பீங்கல்ல, அண்ணே.

வாட்ச்மேன்: ஆங்... பார்ப்பேன், பார்ப்பேன். அது ஓடற நேரத்துக்கு எங்க வீட்ல அடுப்பே எரியாது.

பெண்: உங்களுக்கும் தெரியுமா?

வாட்ச்மேன்: என்னம்மா இப்படிக் கேட்டுட்டீங்க? அந்த மாமியார் ஒருத்தி போதுமே.

பெண்: ...மாமியாரா?

வாட்ச்மேன்: வீட்டையே ஆட்டி வைக்கிறாளே அவ.

பெண்: அது வீடு இல்லீங்க, விண்கப்பல்.

வாட்ச்மேன்: வி... ஆமா, கப்பலையே ஆட்டி வைக்கிறா. அதனாலதான் அது ஒரு நிலையில நிக்க மாட்டேங்குது.

பெண்: யாரோட மாமியார்?

வாட்ச்மேன்: மருமகளோட மாமியார்தான்.

பெண்: கேப்டனம்மாவுக்கா?

வாட்ச்மேன்: அவளுக்கேதான்.

பெண்: அவங்க எப்படிக் கப்பல்ல வந்தாங்க?

வாட்ச்மேன்: புருஷனை விட்டுட்டு ஒருத்தி கிளம்பினா மாமியார் சும்மா இருப்பாளா? எங்கதான் போறான்னு பாக்க பின்னாடியே ஏறிட்டா.

மெக்கானிக்: அண்ணே, நீங்க பேசறது மோட்டார் ரூம் வரைக்கும் கேக்குது. கப்பல்ல மாமியாரே கிடையாது.

வாட்ச்மேன்: நீ எல்லா நாளும் பாத்தியா தம்பி?

மெக்கானிக்: விடாம பாத்தேன்.

வாட்ச்மேன்: ஒரு நாள் விட்டிருக்கே. அன்னைக்குத்தான் அவ ஏறினா.

மெக்கானிக்: ...ஓ, அந்த நாளா. அன்னைக்கு எங்க தெருவுல கரண்ட் இல்ல.

பெண்: ரெண்டு பேரும் அப்புறமா அடிச்சுக்குங்க. முதல்ல சக்கரத்தைச் சுத்துங்க.

மெக்கானிக்: இதோ. மெயின் ஸ்விட்சை அணைச்சாச்சு. இப்போ பிரேக்கைத் தளர்த்துவேன். லேசா ஆடும்.

பெண்: ஐயோ... ஆடுது. ரொம்ப ஆடுது. விழுந்துடுமா?

மெக்கானிக்: விழாது. அண்ணே, பேசுங்க.

வாட்ச்மேன்: என்னத்தப் பேசறது... அம்மா, அந்த மாமியாரு இருக்கா பாருங்க...

பெண்: என்னால முடியல. கெட்டுப்போன லிஃப்ட்ல ஏத்திவிட்டு...

மெக்கானிக்: மேடம், இங்க கேளுங்க. எதுக்குக் கோவம்னு கேட்டீங்கல்ல? உங்க லிஃப்ட் ஏன் நின்னுச்சு தெரியுமா?

பெண்: கெட்டுப்போச்சு.

மெக்கானிக்: கெடல. கரண்ட் போச்சு. கரண்ட் இருந்தாத்தான் பிரேக் விடும். போயிடுச்சுன்னா தானாப் பிடிச்சுக்கும். அப்படித்தான் செஞ்சிருக்கான். நின்ன மெஷினைப் பாத்தா எல்லாரும் செத்துப்போச்சும்பாங்க. அது சாகல மேடம். உங்களைக் கீழ விட்டுடாமப் பிடிச்சுக்கிட்டு நிக்குது.

பெண்: பிடிச்சுக்கிட்டா நிக்குது?

மெக்கானிக்: கணக்குப்பிள்ளையும் அப்படித்தானே? விளக்கு போச்சுன்னு அந்தம்மா ஒப்பாரி வைக்கறாங்க. அணைஞ்ச நிமிஷத்துலதான் அது கப்பலைப் பிடிச்சிருக்கும். இதுகூடத் தெரியாம என்ன கேப்டன்?

பெண்: இருங்க, இருங்க. திரும்பச் சொல்லுங்க.

மெக்கானிக்: எதை?

பெண்: அணைஞ்ச நிமிஷத்துலதான்...

மெக்கானிக்: பிடிச்சிருக்கும்.

வாட்ச்மேன்: அதைக் கண்டுபிடிச்சதே மாமியார்தான்.

பெண்: எப்படிங்க?

வாட்ச்மேன்: மருமக அழுதுட்டுப் போயிடுவா. மாமியார் மெதுவா வந்து அந்தப் பெட்டி மேல கையை வச்சுப் பாப்பா. எங்கயாவது குறை கிடைக்குமான்னு பாக்கறவ கண்ணுலதானே எல்லாம் படும்?

பெண்: சூடு இருக்கும்.

வாட்ச்மேன்: இருக்குமே.

பெண்: உடனே மருமகளைக் கூப்பிட்டு, அது உயிரோட இருக்குன்னு சொல்லுவாங்களா?

வாட்ச்மேன்: அப்படிச் சொன்னா அவ மாமியாரா? “ஒரு அடுப்பைக்கூட ஒழுங்கா அணைக்கத் தெரியல உனக்கு”ம்பா.

பெண்: ஐயோ... போதும்... வயிறு வலிக்குது...

மெக்கானிக்: என்ன ஆச்சு? அழறாங்களா அண்ணே?

வாட்ச்மேன்: சிரிக்கறாங்க தம்பி.

மெக்கானிக்: சிரிக்கட்டும். மட்டத்துக்கு வந்துடுச்சு. யாரும் கதவைத் தொடாதீங்க, நான் வந்து திறக்கறேன்.

பெண்: அண்ணே, அந்த அடுப்பு வசனத்தை இன்னொரு தடவை சொல்லுங்க.

வாட்ச்மேன்: “ஒரு அடுப்பைக்கூட ஒழுங்கா அணைக்கத் தெரியல உனக்கு.” எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சும்மா.

மெக்கானிக்: தள்ளுங்க அண்ணே. ...ஆங், திறந்தாச்சு. பாத்து காலை வைங்க மேடம்.

பெண்: அப்பாடி. மீதி ரெண்டு மாடியும் படியிலயே ஏறிக்கறேன். ரொம்ப லேட் ஆயிடுச்சோ?

வாட்ச்மேன்: நீங்க உள்ள மாட்டிக்கிட்டதை மேல சொல்லிட்டேன்ம்மா. காத்திருக்கோம்னாங்க.

பெண்: நல்ல வேளை. கடைசிக் கேள்விக்கு இப்போ பதில் இருக்கு.

மெக்கானிக்: மேடம்... போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். மனசு உறுத்துது.

பெண்: சொல்லுங்க.

மெக்கானிக்: நான் அந்தத் தொடரை ஒரு நாள்கூடப் பாத்ததில்ல. உள்ள மாட்டினவங்ககிட்ட பயப்படாதீங்கன்னா இன்னும்தான் பயப்படுவாங்க. அவங்களுக்குப் பிடிச்சதை எடுத்து எதிர்த்துப் பேசினா, வர்ற கோவத்துல பயம் மறந்துடும். போன மாசம் ஒரு வக்கீல் மாட்டினாரு. அவர்கிட்ட சட்டம் பேசினேன்.

வாட்ச்மேன்: அடப்பாவி, நீ பாத்ததில்லையா? நீ பாத்திருப்பேன்னு நம்பித்தானே நான் மாமியாரை ஏத்திவிட்டேன்.

மெக்கானிக்: அப்போ நீங்களும்...?

வாட்ச்மேன்: எங்க வீட்டு டிவியில படம் தெரிஞ்சே எத்தனையோ நாள் ஆச்சு. தலைப்பைக் கேட்டதும் குடும்பக் கதைன்னு நினைச்சுட்டேன்.

பெண்: தெரியும்.

மெக்கானிக்: தெரியுமா? எப்போ? மாமியார் வந்தப்பவா?

பெண்: நீங்க விடாம பார்ப்பேன்னு சொன்னப்பவே.

மெக்கானிக்: அவ்வளவு சீக்கிரமாவா? எப்படி மேடம்?

பெண்: அப்படி ஒரு தொடரே இன்னும் வரலையே. அது நான் எழுதி வச்சிருக்கற கதை. எட்டாவது மாடியில டிவிக்காரங்ககிட்ட சொல்லத்தான் வந்தேன். போன தடவை, ‘சரி, விளக்கு அணைஞ்சதுக்கு அப்புறம் என்ன ஆகும்’னு கேட்டாங்க, முழிச்சுட்டு வந்துட்டேன்... அது கிடக்கட்டும், எனக்கு நேரமாச்சு. சீக்கிரம் சொல்லுங்க அண்ணே, நம்ம மாமியாருக்கு என்ன பேர் வைக்கலாம்?