அனுப்பச் சம்மதிக்கவில்லை

என் பெயரையும் முகவரியையும் தனித்தாளில் எழுதி, உறையிலிட்டு ஒப்படைத்துள்ளேன். வயது முப்பத்து மூன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறேன். வாடிக்கையாளர் முகத்துக்கு ஏற்றபடி பிரேமை வளைத்துப் பொருத்துவது என் பொறுப்பு. விவாகரத்துக்குப் பின் அப்பா வீட்டில் இருக்கிறேன்.

திங்கட்கிழமை காலை ஒருவருக்குக் காதோரம் பிரேமைச் சரிசெய்துவிட்டு, நன்றாகத் தெரிகிறதா என்று வழக்கம்போல் கேட்டேன். "எல்லாம் நல்லாத் தெரியுதும்மா, ஏற்கெனவே பாத்தாச்சு" என்று சிரித்தார். எனக்கு விளங்கவில்லை. அதன் பிறகு முதலாளி என்னை உள்ளறைக்கு அழைத்து, கொஞ்ச நாள் லீவு எடுத்துக்கொள்ளச் சொன்னார். காரணம் சொல்லவில்லை. தரையைப் பார்த்தே பேசினார். நான் மேசைக் கண்ணாடியைத் துடைத்துவைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

அதன் பிறகு மதியம் என் முன்னாள் கணவரின் தங்கை வந்தாள். கதவைத் தாழிட்டுவிட்டுத் தன் கைப்பேசியைக் காட்டினாள். அதில் உடையில்லாமல் நான் இருக்கும் படங்கள் இருந்தன. கல்யாணமான புதிதில் எங்கள் படுக்கையறையில் அவர் எடுத்தவை. நாற்காலியில் அவருடைய பாதி தேய்த்த சட்டை கிடக்கிறது. நான் சிரித்துக்கொண்டிருக்கிறேன். அவர் தன் நண்பர்கள் குழுவில் போட்டதாகவும், கைமாறிக் கைமாறித் தன் கணவருக்கே வந்ததாகவும் நாத்தனார் சொன்னாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. போய்த் துடைத்தேன்.

அதன் பிறகு என் அப்பா, ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது, பேசாமல் இருந்துவிடலாம் என்றார். நாத்தனார்தான், "அண்ணி, அனுப்புனது எங்கண்ணன். எங்க கூப்பிட்டாலும் வந்து சொல்றேன்" என்றாள். உன் அம்மா என்ன சொல்வார் என்று கேட்டேன். "இனிமே அந்த வாசல மிதிக்க முடியாது. அவ்வளவுதான?" என்றாள். அதன் பிறகு இருவரும் இந்தக் காவல் நிலையத்துக்கு வந்து புகார் கொடுத்தோம்.

மறுநாள் முன்னாள் கணவர் போன் செய்து புகாரைத் திரும்பப் பெறச் சொன்னார். "எம் பொண்டாட்டியா இருந்தப்ப எடுத்தது. அதுல என்ன தப்பு?" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

படம் எடுக்கச் சம்மதித்தீர்களா என்று அதிகாரி அம்மா கேட்டதற்கு, ஆம் என்றேன். அவர் எடுக்கவும் அவர் பார்க்கவும் சம்மதித்தேன். இன்னொருவருக்கு அனுப்பச் சம்மதிக்கவில்லை. அனுப்பும் முன் என்னைக் கேட்கவும் இல்லை. நாத்தனார் வெளியே பெஞ்சில் தன் வாக்குமூலத்துக்காகக் காத்திருக்கிறாள்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். இரண்டாம் பக்கத்தில் 'ஆபாசப் படங்கள்' என்றிருந்தது. அதை அடித்துவிட்டு 'என் படங்கள்' என்று எழுதக் கேட்டேன். அப்படியே திருத்தினார்கள். திருத்திய இடத்தில் கையெழுத்திட்டேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன. யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை. நடந்தது இதுதான்.

(ஒப்பம்)