உள்ளங்கைச் சூடு

காய்ச்சல் வந்தால் வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்ள வேண்டும். இது எல்லாருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எவனும் படுக்கமாட்டான். நான் படுத்தேன். எழுபத்து மூன்று வயதில் என் உடம்பை ஒழுங்காகக் கவனித்துக்கொண்டது அந்த ஒரு வாரம்தான்.

எனக்கு டாக்டர்கள் மேல் நம்பிக்கை கிடையாது. படித்தவன் எவன் மேலும் கிடையாது. உங்கள் மேலும்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் உடம்பு அனலாய்க் கொதித்ததால் தெருமுனை ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு நர்ஸ் மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, பரவுகிற காய்ச்சல் என்றாள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். அதனால் செய்யவேண்டியதை வாயாலேயே சொன்னாள். நிறையத் தண்ணீர், நிறையத் தூக்கம், தம்ளரும் துண்டும் தனி, இருமினால் வாயை மூடவேண்டும்.

"முக்கியமா, நெஞ்சு சீக்கு உள்ள வயசானவங்க பக்கம் போயிடாதீங்க. உங்களுக்கு ஒரு வாரத்துல சரியாயிடும். அவங்க தாங்கமாட்டாங்க."

"எத்தன நாளைக்கு ஒட்டும்?"

"மொதல் அஞ்சு நாள் ரொம்ப."

"பக்கத்துல உக்காந்தாலேவா?"

"ஒரே ரூம்ல இருந்தாலே போதும். எல்லாரும் உங்கள மாதிரி விவரமாக் கேட்டா எங்களுக்கு ஏன் இவ்வளவு வேலை, பெரியவரே?"

அந்தப் பெண் மேல் தப்பில்லை. அவளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு மிரட்டாதீர்கள்.

எங்கள் கட்டடத்தில் நான் மூன்றாம் மாடி. கீழே மேஸ்திரியும் அவன் மகளும். நேரில் வாங்க போங்கதான், இங்கே அவன் என்றே சொல்கிறேன். நானும் என் மனைவியும் அவனிடம் நீராவி லாண்டரியில் வேலை பார்த்தவர்கள். ஓட்டல்களின் படுக்கை விரிப்புகள் வண்டி வண்டியாய் வரும். எனக்குப் பாய்லர். அவளுக்குத் துவைத்த ஈர விரிப்பைச் சூடான ரோலரில் விட்டுக் காயவைக்கிற வேலை. மறுபக்கம் வெளியே வருகிற விரிப்பை மேஸ்திரி உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பான். ஈரமிருந்தால் மறுபடி விடச் சொல்வான். நாள் முழுக்க அவனுக்கு அதுதான் வேலை.

உடம்பு முடியவில்லை, லீவு வேண்டும் என்று யாராவது போய் நின்றால், அதே கையைத் தூக்கி நெற்றியில் வைப்பான். பழுக்கக் காய்ந்த கைக்கு எந்த நெற்றி சுடும்? "சூடே இல்ல, போய் வேலையப் பாரு." அந்தக் கை தொட்டுப் பார்த்து ஒருத்தருக்கும் ஒருநாளும் காய்ச்சல் இருந்ததில்லை. தர்மாமீட்டர் என்று அவனுக்குப் பேர் வைத்து நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன்.

என் மனைவியின் நெற்றியிலும் வைத்தான். திங்கட்கிழமை வைத்தான், செவ்வாய்க்கிழமையும் வைத்தான். காலையில் கிளம்பும்போது வீட்டில் லேசாக முனகினாள். பொம்பளைகள் முனகத்தான் செய்வார்கள். புதன்கிழமை ரோலர் பக்கத்திலேயே விழுந்தாள். வெள்ளிக்கிழமை போய்விட்டாள். நெஞ்சு முழுக்கச் சளி என்றார்கள். முப்பத்தாறு வயது. சாவுக்கு வந்தவன், "தொட்டப்ப நல்லாத்தானே இருந்தா" என்றான். அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் அவனுக்கு வணக்கம் வைத்து வேலை பார்த்தேன்.

இப்போது அவனுக்கு நுரையீரல் பாதி இல்லை. மூக்கில் எந்நேரமும் குழாய். மகள் வெளியாள் யாரையும் வாசல்படி தாண்ட விடமாட்டாள். என்னை மட்டும் விடுவாள். சாவியே என்னிடம் இருந்தது. "மாமா, நான் வேலைக்குப் போனதும் அப்பாவுக்கு வெந்நீர் மட்டும் போட்டுக் குடுத்துடுங்க" என்பாள்.

நர்ஸ் சொன்னதையெல்லாம் செய்தேன். மணிக்கொரு தரம் தண்ணீர் குடித்தேன். பகலிலும் தூங்கினேன். வாய் கசந்தாலும் கஞ்சியை விழுங்கினேன். மூன்று மாடி இறங்கி ஏற வேண்டுமே. நான் படுத்த படுக்கையாகிவிட்டால் கீழே யார் போவது? மேலே இருக்கும்போது மருந்து குடித்து இருமலை அடக்கினேன். கீழே அடக்கவில்லை. வெந்நீர் பதமாக இருக்கிறதா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, அதே தம்ளரை அவனிடம் நீட்டினேன்.

மூன்றாம் நாள் அவனே கேட்டான்.

"என்னய்யா, கண்ணு செவந்திருக்கு? காய்ச்சலா?"

"தொட்டுப் பாருங்க மேஸ்திரி."

தம்ளரைப் பிடித்திருந்த கையை என் நெற்றியில் வைத்தான்.

"ஒண்ணுமில்ல. வயசாச்சுல்ல, கண்ணு அப்பிடித்தான் இருக்கும். இது எத்தன நெத்தியப் பாத்த கை. தப்பாது."

"நீங்க சொன்னா சரி."

அவன் காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் எழுந்து மேலே போயிருப்பேன். போயிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

ஆறாம் நாள் போனபோது அவன் உதடு நீலமாக இருந்தது. குழாய் இருந்தும் மூச்சு கிடைக்கவில்லை. மகளுக்குப் போன் போடச் சொன்னான். நான் அவன் நெற்றியில் கை வைத்தேன். அடுப்பில் வைத்த சட்டி மாதிரி இருந்தது.

"சூடே இல்ல மேஸ்திரி" என்றேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் தெரிந்தது. போனை எடுத்து அலமாரியின் உச்சித்தட்டில் வைத்தேன். கதவைப் பூட்டிக்கொண்டு மேலே வந்து, வெந்நீர் குடித்துவிட்டுப் படுத்தேன். அன்று நல்ல தூக்கம். சாயங்காலம் மகள் வந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனாள். இரண்டு நாள் கிடந்து போனான்.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் என்று பிறகு கேள்விப்பட்ட மேஸ்திரி மகள் சாவு வீட்டில் அத்தனை பேர் முன்னால் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தனக்கே உடம்பு முடியாதப்பகூட எங்கப்பாவ வந்து பாத்துக்கிட்டாரு, கூடப்பொறந்தவங்க செய்யமாட்டாங்க" என்று அழுதாள். முப்பத்து நாலு வருஷம் காத்திருந்து செய்த காரியத்துக்கு எனக்குப் பாசம் என்று பேர் வாங்கிக் கொடுக்கிறாள். அது எனக்கு வேண்டாம். வேண்டுமென்றே செய்தேன். அவளிடமும் அப்படியே சொல்லுங்கள்.

கடைசியாக அவன் என்ன பேசினான் என்று மூன்று தரம் கேட்டுவிட்டீர்கள். சொல்கிறேன், ஆனால் எழுத வேண்டாம். நான் கதவுப் பக்கம் போகும்போது திணறித் திணறிச் சொன்னான். "செவ்வாக்கெழம உன் பொண்டாட்டிய நான் வீட்டுக்குப் போகச் சொன்னேன்யா. அவதான், 'நீங்க சூடில்லன்னு சொல்லிட்டீங்க, இப்ப போனா சும்மா வந்துட்டேன்னு எம் புருஷன் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு, இங்கயே ஒரு மூலையில இருந்துக்கறேன்'னு சொன்னா."

காய்ச்சலில் மனுஷன் எதையாவது உளறுவான். எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் ஒன்றும் கிடையாது. நான் அவளைக் கைநீட்டி அடித்தவனில்லை, ஒரு கெட்ட வார்த்தை சொன்னவனில்லை. பிடிக்காததைச் செய்தால் பேசாமல் இருப்பேன். ஒரு வாரம், பத்து நாள். அவ்வளவுதான்.