அதே அளவில் ஒரு காற்றுச்செடி

— இது பொழைக்காது தம்பி. குருத்தைத் தொட்டாலே இலை சருகா கையோட வருது பாரு.

— பொழைக்க வைக்கச் சொல்லல. இதே மாதிரி வேற ஒண்ணு வேணும். இதே அளவுல.

— அளவு எதுக்குப்பா? காத்துச்செடி வாங்க அனுப்பம்பட்டு வரைக்கும் வந்துட்டே, நல்லதா ஒண்ணு எடுத்துக்கோ. இல்ல, அந்தச் செவப்பைப் பாரு, புரோமிலியாட். அன்னாசிக்குக் கூடப் பொறந்தது. குருத்துலயே தண்ணி தேக்கி வச்சுக்கும். உன்னை மாதிரி ஆளுக்கு அதுதான் தோது.

— என்ன மாதிரி ஆளு?

— தண்ணி காட்ட மறக்கற ஆளு.

— வேணாங்க. இதே அளவுதான் வேணும். வித்தியாசம் தெரியக்கூடாது.

— யாருக்கு?

— எங்க அத்தைக்கு. வீட்டுக்காரியோட அம்மா.

— நல்லா இருக்குதே கதை. வூட்டுக்காரிக்குப் பயப்படறவனைப் பாத்திருக்கேன். செடிக்காக மாமியாருக்குப் பயப்படறவனை இன்னிக்குத்தான் பாக்கறேன்.

— அவ இல்ல. மாசியில போயிட்டா.

— ஐயோ. எனக்கு வாய் இருக்குதே. உக்காருப்பா, அந்த ஸ்டூலை இழுத்துக்கோ.

— பரவால்ல. நிக்கறேன்.

— பேரு இன்னா?

— மோகன்குமார். பழவேற்காடு. அவ வைஷ்ணவி. கல்யாணமான வருசம் உங்ககிட்டதான் இதை வாங்கினா. கோமளா அக்கா தோட்டம்னுதான் எப்பவும் சொல்லுவா.

— எத்தினி பேரு வராங்க, மூஞ்சி நெனவு இல்ல தம்பி. அத்தையும் உங்கூடத்தான் இருக்காங்களா?

— பக்கத்துக் குப்பம். வெள்ளிக்கிழமைன்னா வருவாங்க. வைஷ்ணவி படத்துக்கு விளக்கேத்திட்டு, இந்தச் செடியைத் தண்ணியில முக்கி, உதறி, தலைகீழாக் காய வச்சு, திரும்ப சன்னல்ல மாட்டுவாங்க. ஒரு மாசமா ஆரம்பாக்கத்துல தங்கச்சி வீட்ல இருக்காங்க. நீ பாத்துக்கோப்பான்னு சொல்லிட்டுத்தான் போனாங்க. நாளைக்கு வராங்க.

— நீ மறந்துட்டே.

— மறந்துட்டேன்.

— சொன்னா அடிச்சுடுவாங்களா?

— அடிச்சா பரவால்ல. வராம போயிடுவாங்க. செடிக்காகத்தான் அந்த வீட்டுக்கு வராங்க. எம்மூஞ்சைப் பாக்கறதே இல்ல. செவுத்தைப் பாத்துதான் பேசுவாங்க.

— அதான் ஏன்?

— நான்தான் கொன்னேன்னு.

— சீ, இன்னா பேச்சு இது.

— ரெண்டு நாளா ஜுரம். அன்னிக்குக் காலையில முடியலன்னா. படுத்துக்கோன்னு சொல்லிட்டு கம்பெனிக்குப் போயிட்டேன். சாயங்காலம் வந்தா நெனவு இல்ல. எனக்கு ஒரு போன்கூடப் பண்ணல. பண்ணா எரிஞ்சு விழுவேன்னு பயந்திருப்பா. அத்தைக்கு என்னைப் பத்தித் தெரியும்.

— சரிப்பா. விடு. செடி கட்டியிருக்கற அந்தக் கட்டையைக் குடு, அதுலயே புதுசு கட்டித் தரேன். தம்பி, இது வைஷ்ணவி வாங்கினதுன்னா சொன்னே?

— ஆமா.

— கல்யாணமான வருசம்?

— ஆமாங்க. ஏன்?

— அப்பல்லாம் நான் பசை போட்டு ஒட்டித்தான் குடுப்பேன். இப்படித் தூண்டில் நரம்புல கட்ட ஆரம்பிச்சது இந்த ஆடிக்கு அப்புறம். மொதல்லயே கண்ணுல பட்டிருக்கணும்.

— அவ போனது மாசியில.

— அதான் கேக்கறேன். உங்க அத்தை இறால் கூடை தூக்கறவங்களா? பொன்னேரி மார்க்கெட்டுக்கு வருமே, நீலக்கல்லு தோடு, இருசம்மாள்?

— உங்களுக்கு எப்படித் தெரியும்?

— ஆவணியில வந்துச்சுப்பா. கூடைக்குள்ள வாழையிலையில சுத்தி, பழைய செடி. அழுகி, கிட்டப் போக முடியல. இன்னாம்மா ஊத்தினேன்னு கேட்டா, இறால் கழுவுன தண்ணியாம். மல்லிக்கு ஊத்தறதுதானாம். மண்ணே இல்லாத செடியாச்சே, பசியில கெடக்குமேன்னு ஊத்திச்சாம். இதே அளவுல வேற குடு, மருமவனுக்குத் தெரியக்கூடாதுன்னு கையப் புடிச்சுக்கினு அழுதுச்சு.

— அப்ப நான் சாகவிட்டது...

— அந்தம்மா வாங்கினது.

— எங்கிட்ட சொல்லியிருக்கலாமே.

— செடியும் போச்சுன்னா அந்த வூட்டு வாசப்படி மிதிக்க எனக்கு இன்னா இருக்குதுன்னுச்சு. அப்புறம்... வேணாம். சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்தேன்.

— பாதி சொல்லிட்டீங்க அக்கா.

— கோவப்படக் கூடாது.

— சொல்லுங்க.

— அன்னிக்குக் காலையில நீ கம்பெனிக்குக் கெளம்பிப் போனதும் பொண்ணு அந்தம்மாவுக்குப் போன் பண்ணுச்சாம். முடியலம்மா, அவரைக் கூப்புடட்டுமான்னு கேட்டுச்சாம். அந்தம்மா மீன் ஏலத்துல நின்னுக்கினு இருந்துச்சாம். கஷாயம் வச்சுக் குடி, ஜுரத்துக்கெல்லாம் வேலைக்குப் போனவரைக் கூப்புடாதேன்னு சொல்லிட்டுப் போனை வச்சுடுச்சாம். மருமவப் புள்ள மூஞ்சை நான் எப்படிம்மா பாப்பேன்னு என்னைக் கேக்குது. நான் இன்னா சொல்லுவேன்? தம்பி, உக்காரு. சொன்னா கேளு, இந்தத் தண்ணியைக் குடி.

— அந்த அழுகுன செடி. தூக்கிப் போட்டுட்டீங்களா?

— தாய்ச்செடி போச்சு. அடியில ஒரு குட்டி மட்டும் பச்சையா இருந்துச்சு, பிரிச்சு வச்சேன். அதோ, கடைசிக் கம்பியில. விரல் நீளம்தான். அந்தம்மாகிட்டயும் காட்டினேன். இத்தினியூண்டா இருக்குது, மருமவன் கண்டுபுடிச்சிடுவார், வேணாம்னுடுச்சு.

— அதையே கட்டிக் குடுங்க.

— இவ்ளோ நேரம் அளவு அளவுன்னு உசுர வாங்கினியே. நாளைக்கு வந்து சன்னலைப் பாத்ததும் அந்தம்மா கண்டுபுடிச்சிடும்பா.

— கண்டுபுடிக்கட்டும். அப்பவாவது எம்மூஞ்சைப் பாப்பாங்க.