நாலு புளொக்

இல்லைத் தங்கச்சி, நான் கோவமாச் சொன்னால் நீங்களும் கோவமாத்தான் சொல்லவேணும். நீதவானுக்கெண்டு மெதுவாக்கக் கூடாது. எனக்கும் டொச் கதைக்க வரும், ஜெர்மன்காரர் மாதிரி இல்லாட்டிலும். கோவம் வந்தால் தமிழ் மட்டுந்தான் வரும், அதுதான் மொழிபெயர்க்க உங்களைக் கேட்டனான். ஐஸ் ஹொக்கி ஒருநாளும் பாத்ததில்லையோ? அப்ப முதல் அதைச் சொல்லுறன், இல்லாட்டி உள்ளுக்கை தடுமாறுவியள்.

கோல் காக்கிறவனை விட்டால் அஞ்சு பேர்தான் ஐஸிலை நிப்பினம். அந்த அஞ்சு பேருக்கு இஞ்ச புளொக் எண்டு பேர். ஒரு நிமிசம் உயிரைக் குடுத்து ஓடிப்போட்டு வெளியிலை வருவினம், அடுத்த புளொக் இறங்கும். அதுக்கு மேலை மனிசராலை ஏலாது. நான் இந்த வழக்கிலை நிக்கிற ஹொக்கிக் கழகத்திலை மூண்டு வருசமா உடுப்புத் தோய்க்கிறன். விளையாட்டு நேரம், வெளியிலை வந்தவை குந்துற வாங்கிலுக்குப் பக்கத்திலை நிண்டு ஐஸுக்குப் போற கதவைத் திறந்து பூட்டுறதும் நான்தான்.

போன வருசம் நாலு புளொக், இருபது பேர். இந்த வருசம் வந்த ட்ரெய்னர் பதினைஞ்சாக் குறைச்சுப்போட்டான். அதிலையும் மூண்டாவது புளொக்கை வாங்கிலிலையே குந்த வைச்சான். எனக்கெப்பிடித் தெரியுமெண்டோ? தோய்க்கிறவனுக்குத் தெரியாதோ? முதல் ரெண்டு புளொக்கின்ர சட்டையளும் பிழியப் பிழியத் தண்ணி ஊத்தும். மூண்டாவதின்ர மடிப்புக் கலையாமல் வரும். நேரை போய்ச் சொன்னனான், ஆளைக் கூட்டுங்கோ, நாலு புளொக்கையும் முறைக்கு இறக்குங்கோ, கடைசி இருபது நிமிசம் எங்கடையாக்களுக்குக் கால் இழுக்குது எண்டு. நீ சோப்பைப் பார் எண்டான்.

சிரிக்காதேங்கோ. அந்த ஒரு சொல்லுக்கு எனக்கு இன்னும் நெஞ்செரியுது.

மாசியிலை ஒரு விளையாட்டு. ஊர்ஸ் எண்டு பின்வரிசைக்காரன், முப்பத்தொரு வயசு, ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள். மற்றப் பின்வரிசைக்காரனுக்குக் கை முறிஞ்சு போச்சு. அவன்ர முறையையும் ட்ரெய்னர் ஊர்ஸின்ர தலையிலைதான் போட்டான். கடைசிப் பகுதியிலை வந்து குந்தினவன் தின்னதெல்லாம் சத்தி எடுத்தான். உதடு வெள்ளை. ஏலாது எண்டு ட்ரெய்னரிட்டைச் சொன்னவன், இந்தக் காதாலை கேட்டனான். அவன் திரும்பியும் பாக்கேல்லை. கதவு, எண்டான் எனக்கு. நான் திறக்கேல்லை. வியர்க்காமல் அஞ்சு பேர் பக்கத்திலை குந்தியிருக்கினம், தங்கச்சி! கதவு, எண்டு திருப்பியும் கத்தினான். திறந்தன்.

ஊர்ஸுக்குத் திரும்பக்கூட ஏலேல்லை. ஒருத்தன் இடிக்கத் தலைகுப்புறப் போய் ஐஸைச் சுத்தியிருக்கிற பலகையிலை அடிபட்டான். கழுத்தெலும்பு. இப்ப நெஞ்சுக்குக் கீழை ஒண்டும் தெரியாது. தானா ஆசைப்பட்டு இறங்கினவன், பிழை அவனிலைதான் எண்டு கழகம் நிக்குது. அவன்ர மனிசி விடாமல் கழகத்துக்கு எதிரா வழக்குப் போட்டிட்டா.

ஓம், சாட்சிக்கு எங்களைத்தான் கூப்பிடுகினம். எழும்புங்கோ, போவம்.

இன்னொண்டு. உள்ளுக்கை ஒரு கடிதம் காட்டுவினம். எனக்குக் களைப்பில்லை, நான் இறங்கிறன் எண்டு ஊர்ஸ் சொன்னதை நான் கேட்டனான் எண்டு டொச்சிலை எழுதிக்கிடக்கும். கீழை குகநாதன் எண்டு என்ர கையெழுத்து. அடிபட்டு ரெண்டாம் நாள் ட்ரெய்னர் நீட்டினவன். நான் இந்த நாட்டிலை இருக்கிற பெர்மிற்றுக்கு வேலைக் கடிதம் குடுக்கிறது கழகம்தானே, வைச்சிட்டன். பாவம், வாசிக்கத் தெரியாமல் வைச்சிட்டான் எண்டு மட்டும் எனக்காகச் சொல்லிப்போடாதேங்கோ. வாசிச்சுப்போட்டுத்தான் வைச்சனான். எனக்கு டொச் வாசிக்கப் பழக்கினதே ஊர்ஸ்தான்.