கிழக்கு ஜன்னல்

ஸ்வீட் பீ பூச்செடி விதையை ஊறப்போட வெந்நீர் கூடாது ஐயா. வெதுவெதுப்பாக இருந்தால் போதும், மறுநாள் பருத்துவிடும். அதன் வேர் நீளமாக இறங்கும் என்பதால், டாய்லெட் பேப்பர் சுற்றிவரும் அட்டைக் குழல்களில் மண் நிரப்பி ஒவ்வொரு விதையாக ஊன்றுவேன். முப்பத்தொரு ஜனவரியாக இதைச் செய்கிறேன்.

ஜூலையில் ஊர்ப் பூக்காட்சியில் கோப்பை வாங்கியது என் கணவர் கத்பர்ட். "நீ மண்ணைப் பிசைடி மேவிஸ், மேடையேற நான் இருக்கேன்" என்பார். மதுக்கடையில் எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். எனக்கு வலித்தது என்பதை இப்போது சொல்வதில் தப்பில்லை.

நவம்பரில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் அசையவில்லை. பேச்சில் ஒரு சொல்தான் மிஞ்சியது: "மூடு." டீ வேண்டுமென்றாலும் மூடு, வேண்டாமென்றாலும் மூடு. அதற்கு அர்த்தம் தேட வேண்டாம் என்று டாக்டரே சொன்னார்.

இந்த வருடம் பூக்காட்சிக்கு என் பெயரைக் கொடுத்தேன்.

விதை முளைக்கும்வரைதான் சூடு வேண்டும். முளைத்த பிறகு நல்ல வெளிச்சமும் குளிரும் வேண்டும். இல்லாவிட்டால் தண்டு நெட்டையாகி, தலை சாய்ந்துவிடும். எங்கள் வீட்டில் நல்ல வெளிச்சம் கிழக்கு ஜன்னலில்தான். அது கத்பர்ட் படுத்திருந்த அறை. குழல்களை அடுக்கிய தட்டுகளை அங்கே வைத்து ஹீட்டரை அணைத்தேன். பிப்ரவரியில் ஜன்னலையும் ஒரு சாண் திறந்தேன். போர்வை கொடுத்திருந்தேன். நழுவினால் அவரால் இழுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

செவ்வாய்தோறும் நர்ஸ் கெல்லி வருவாள். அன்று மட்டும் ஏழு மணிக்கே ஜன்னலைச் சாத்தி ஹீட்டரைப் போடுவேன். சூடு படாமல் தட்டுகளை மாடிப்படியில் வைப்பேன்.

"ரூம் கதகதன்னு இருக்கே மேவிஸம்மா. மகாராஜா மாதிரில்ல வச்சிருக்கீங்க" என்பாள்.

"எப்பவும் அவர் ராஜாதானேம்மா" என்பேன்.

"மூடு" என்பார் கத்பர்ட், அவள் கையைப் பிடித்துக்கொண்டு. "சரி தாத்தா, மூடிட்டேன்" என்று அவள் போர்வையை இழுத்துவிட்டுப் போவாள். அவள் போனதும் ஹீட்டரை அணைத்துவிடுவேன்.

வெள்ளிக்கிழமை காலை நுனி கிள்ளிக்கொண்டிருந்தேன். இரண்டு ஜோடி இலை வந்ததும் கிள்ளினால்தான் பக்கத்தில் கிளைக்கும். அவர் உதடு நீலம் பாய்ந்திருந்ததைப் பார்த்தேன். அப்போதுதான் "மேவிஸ்" என்றார். குழறாமல், பழைய குரலில். மூன்று மாதத்தில் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இருங்க, வர்றேன்" என்றேன். இன்னும் பதினொரு செடி பாக்கி இருந்தது. முடித்துவிட்டு, ஜன்னலை முழுக்கத் திறந்து வைத்து, கீழே போய் டீ போட்டுக் குடித்தேன். மதியம்தான் மேலே போனேன்.

கொன்றாள் என்றே எழுதிக்கொள்ளுங்கள் ஐயா, கையெழுத்துப் போடுகிறேன். அவரை நன்றாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் எழுதாதீர்கள்.