நோட்டீசில் போட்ட பேர்

பஞ்சநதம்: …ஆறு மாசம் திருச்சி ஜெயிலு! எழுதிக்கிட்டீங்களா டீச்சர்? ஆறு மாசம்!

வானதி: எழுதிட்டேன் சார். மூணாவது தடவையா சொல்றீங்க.

பஞ்சநதம்: முப்பது தடவை சொல்லலாம். நாளைக்கு நம்ம பள்ளிக்கூடத்துக் கலையரங்கத்தைத் தெறக்கிறப்ப இதைத்தானே படிக்கப் போறீங்க? மேடை நான் கட்டிக் கொடுத்தது. பெருமை எங்க கொள்ளுத்தாத்தாவுது. ராஜபார்ட் வைத்திலிங்கம்!

விஜயா: ஆரம்பிச்சிட்டாரு. டீச்சர், நீங்க காபியக் குடிங்க. என் வீட்டுக்காரரு கதை முடியறதுக்குள்ள ஆடை கட்டிடும்.

பஞ்சநதம்: நீ சும்மா இரு விஜயா. அந்தக் காலத்து நாடகக் கம்பெனின்னா என்னான்னு நெனச்சீங்க டீச்சர்? முப்பது பேரு, எட்டு மாட்டு வண்டி, படுதா, ஆர்மோனியம்… நாகப்பட்டினத்துல கப்பலேறி பினாங்கு வரைக்கும் போவாங்க. மைக்கு கிடையாது, பாத்துக்குங்க. அவரு பாடினா மூணு தெரு தாண்டிக் கேக்கும்.

விஜயா: இவருக்கும் அதே தொண்டைதான். மோட்டார் போடச் சொல்லிக் கத்தினா ஊரே எழுந்திரிச்சிடும்.

வானதி: சீர்காழி நாடகத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லுங்க சார்.

பஞ்சநதம்: அப்படிக் கேளுங்க! ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பது, டிசம்பர். கொட்டகையில எள்ளு போட எடமில்ல. முன் வரிசையில வெள்ளைக்கார இன்ஸ்பெக்டரு. தடை பண்ணின பாட்டு, பாடினா உள்ளேன்னு தெரியும். பாடினாரு! வேஷத்தோட, கிரீடத்தோட அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்க.

வானதி: முகத்துல அரிதாரம் இருந்துச்சா?

பஞ்சநதம்: ராஜா வேஷம், அரிதாரம் இல்லாமலா? என்ன கேள்வி இது?

வானதி: சும்மாதான்… வாசல்ல என்ன சார், வண்டியில மூட்டை ஏத்துறாங்க?

பஞ்சநதம்: அதுவா… குறுவை அறுத்தா மொத மூட்டை நன்னிலத்துல ஒரு வீட்டுக்குப் போயிடும். கொள்ளுத்தாத்தா வச்ச ஏற்பாடு.

வானதி: யாரு வீட்டுக்கு?

பஞ்சநதம்: அதைச் சொல்றதில்ல. வாசல்ல எறக்கி வச்சிட்டு வந்துடணும். குடுத்தது யாருன்னும் சொல்லக் கூடாது.

விஜயா: என்ன டீச்சர், முகம் ஒரு மாதிரி ஆயிடுச்சு?

வானதி: ஒண்ணுமில்லக்கா. சார், இதைக் கொஞ்சம் பாருங்க.

பஞ்சநதம்: கண்ணாடி எங்க… நாடக நோட்டீசு! 'பினாங்கு நகரில்… ராஜபார்ட் வைத்திலிங்கம் நேரில் தோன்றும்…' அடேயப்பா! எங்கேருந்து புடிச்சீங்க?

வானதி: ஒரு வீட்டுத் தகரப் பெட்டியில இருந்துச்சு. தேதியைப் படிங்க.

பஞ்சநதம்: ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தொண்ணு… மார்ச்சு…

வானதி: டிசம்பர்லேருந்து ஆறு மாசம் ஜெயில்ல இருந்தவரு, மார்ச்சு மாசம் பினாங்குல எப்படி சார் பாடினாரு?

பஞ்சநதம்: அது… அச்சுக்காரன் தப்பா அடிச்சிருப்பான்.

விஜயா: ஏங்க…

பஞ்சநதம்: இல்லன்னா அவரு பேரை வச்சிக்கிட்டு வேற எவனாவது ஆடியிருப்பான்.

வானதி: நானும் அதைத்தான் கேக்கறேன். சீர்காழியில அவரு பேருல ஆடினது யாரு?

விஜயா: போதும்ங்க. சொல்லிடுங்க.

பஞ்சநதம்: விட மாட்டீங்க போலிருக்கே… அன்னிக்கு அவருக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. காத்துதான் வருது. டிக்கெட்டெல்லாம் வித்தாச்சு. நோட்டீசுல போட்ட பேரு மேடைக்கு வந்தே ஆகணும், இல்லன்னா சனம் கொட்டகையைக் கொளுத்திடும். பபூன் சாமியப்பாவுக்கு எல்லாப் பாட்டும் மனப்பாடம். அவரு தலையில கிரீடத்தை வச்சு அனுப்பிட்டாங்க.

வானதி: போலீசு?

பஞ்சநதம்: 'நீதான் வைத்திலிங்கமா?'ன்னு கேட்டான். 'ஆமா'ன்னுட்டாரு சாமியப்பா. ராஜபார்ட் உள்ள போனா கம்பெனி படுத்துடும், முப்பது வீட்டுல அடுப்பு எரியாதுன்னு… அந்த மனுஷன் ஒரு நொடி யோசிக்கல டீச்சர்.

வானதி: உங்க கொள்ளுத்தாத்தா கப்பலேறிட்டாரு.

பஞ்சநதம்: ஆமா. அங்க போயும் பேரை மாத்திக்க மனசு வரல. அவ்வளவு வீம்பு.

வானதி: திரும்பி வந்தப்புறம்?

பஞ்சநதம்: ஊர் ஊரா மாலை, மேளதாளம். ஜெயிலுக்குப் போன ராஜபார்ட்டாச்சே! சாமியப்பா பழையபடி பபூன். 'சிறை சென்ற சிங்கம் வருகிறார், பராக்!'னு மேடையில கட்டியம் கூறினதே அவருதான். அதை நெனச்சா… எனக்கு வெக்கமா இருக்கு டீச்சர்.

வானதி: அப்ப நாளைக்கு நான் எந்தப் பேரைப் படிக்கட்டும்?

பஞ்சநதம்: கல்வெட்டு அதோ செவுத்துல சாத்தியிருக்கு. சாக்கை எடுத்துட்டு நீங்களே பாருங்க.

வானதி: 'ராஜபார்ட்… சாமியப்பா… கலையரங்கம்'… சார்! அவரு பபூனாச்சே?

பஞ்சநதம்: அன்னிக்கு ராஜா அவருதானே!

வானதி: கல்லே வெட்டியாச்சு. அப்புறம் எதுக்கு இத்தனை நேரம் அந்த அளப்பு அளந்தீங்க?

விஜயா: பங்காளிங்க நாளைக்கு மல்லுக்கு நிப்பாங்க டீச்சர். வாய்ப்பேச்சுக்கு அடங்கற ஆளுங்க இல்ல. சாட்சிக்கு ஒரு காயிதம் வேணும்னு மூணு மாசமா இவருக்குத் தூக்கமில்ல.

பஞ்சநதம்: இந்த நோட்டீசை எங்க கொள்ளுத்தாத்தாவே சாமியப்பா கையில குடுத்தாராம். 'என் பேரை எப்ப எறக்கணும்னாலும் இதைக் காட்டு'ன்னு. அவரு கடைசி வரைக்கும் காட்டவேயில்ல. அந்த வீட்டுல போயி நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அதைக் கேக்கறது? பொய்ப் பெருமையை அளந்து விட்டா, பொறுக்காம அவங்களா வந்து எங்கிட்ட நியாயம் கேக்கட்டும்னு இருந்தேன்.

வானதி: அவங்களான்னா… உங்களுக்கு எப்படி…

பஞ்சநதம்: பள்ளிக்கூடத்துல ஒம்பது டீச்சர் இருக்காங்க, உங்களை மட்டும் ஏன் வரச் சொன்னேன்? எழுந்திரிங்க, மூட்டையோட நீங்களும் வண்டியில ஏறுங்க. இந்த வருஷம் உங்க வீட்டு வாசல்ல வச்சிட்டு ஓடியாரதா இல்ல. நானே உள்ள வந்து குடுத்துட்டு, உங்க கொள்ளுத்தாத்தா படத்துக்கு முன்னால ஒரு கும்பிடு போட்டுட்டு வரேன்.