ஹீட்டருக்கு ஒரு கூடு

விஜிதரன்: குழாயை ஆட்டாமப் பிடியுங்கோ. துளை கோணலாப் போகும்.

யதுர்ஷிகா: நான் ஆட்டேல்லை. உங்கட கைதான் கோணல்.

விஜிதரன்: என்ர கையோ? முரசுமோட்டையில பாதி வீட்டுக்குப் பைப் பூட்டின கை இது.

யதுர்ஷிகா: ஓமோம். புதுக்குடியிருப்பில இருந்து மோட்டச்சைக்கிள்ல வாற பெரிய பாஸ்.

நேசமலர்: பிள்ளை, என்ன மணம் அது? குசினிக்குள்ள நிக்கேலாமல் கிடக்கு.

யதுர்ஷிகா: ஒண்டுமில்லை அம்மா. ஆணியைக் காய்ச்சிக் குழாயில துளை போடுறார். மீன்தொட்டி ஹீட்டருக்குக் கூடு செய்யிறம்.

நேசமலர்: கிளிநொச்சி வெயிலுக்குள்ள மீனுக்குச் சுடுதண்ணி. வெளியில சொன்னாச் சிரிப்பினம்.

யதுர்ஷிகா: மார்கழியில வெயில் எங்கயம்மா? வாடைக்காத்துக்கு நீங்களே ரெண்டு சட்டை போட்டுக்கொண்டு நிக்கிறியள்.

விஜிதரன்: குளிருக்கு அது ஹீட்டரோட ஒட்டிக்கொண்டு படுக்குது, அன்ரி. வயித்தில சுட்ட தழும்பு. ரெண்டு ஹீட்டரும் உடைஞ்சுபோச்சு. ஹீட்டர்க் கண்ணாடியில மீன் முட்டாமல் இருக்கத்தான் இந்தக் கூடு.

யதுர்ஷிகா: அது இது எண்டு சொல்லாதேங்கோ. பேர் கறுவல்.

நேசமலர்: கறுவலுக்காக என்ர நீத்துப்பெட்டியையும்...

யதுர்ஷிகா: அம்மா, அந்தக் கதையை விடுங்கோ.

நேசமலர்: எப்பிடி விடுறது? புட்டு அவிக்கிற ஓலைப்பெட்டியைக் கொண்டுபோய் ஹீட்டருக்குத் தொப்பி போட்டவள். நாலு நாளில தொட்டித் தண்ணி தேத்தண்ணி மாதிரி. தம்பி, நீங்களே சொல்லுங்கோ.

விஜிதரன்: யோசனை பிழையில்லை, அன்ரி. ஓலை சாயம் விடும், அவ்வளவுதான். கம்பி வலை எண்டாக் கறள் பிடிக்கும். பிவிசி குழாய்தான் சரி. மேலயும் கீழயும் துளை இருந்தாச் சூடு உள்ளுக்க நிக்காது.

நேசமலர்: பரந்தன்ல பைப் வேலைக்கு ஆளே இல்லையோ, நீங்கள் புதுக்குடியிருப்பில இருந்து ஓடிவாறதுக்கு...

விஜிதரன்: இருக்கினம்... அவைக்கு மீன் வேலை தெரியாது.

யதுர்ஷிகா: நல்லாச் சமாளிக்கிறியள்.

விஜிதரன்: மெல்லக் கதையுங்கோ. குசினிக்கு அரைச்சுவர்தான்.

யதுர்ஷிகா: அம்மா மா குழைக்கத் தொடங்கீட்டா. இனி ஆரின்ர கதையும் அவவுக்குக் கேளாது. ஞாயிற்றுக்கிழமை சுவிஸ் மாப்பிள்ளையின்ர ஆக்கள் என்னைப் பாக்க வருகினம்.

விஜிதரன்: போன்ல சொன்னனீங்கள்.

யதுர்ஷிகா: நீங்கள்தான் ஒண்டும் சொல்லேல்லை.

விஜிதரன்: ...அந்தச் சாண்ட் பேப்பரைத் தாங்கோ. துளை விளிம்பு கூரா இருந்தா மீனின்ர செதிள் கிழியும்.

யதுர்ஷிகா: மீனுக்கு மட்டும் எல்லாம் யோசிக்கிறியள்.

விஜிதரன்: நான் என்ன சொல்லுறது? தண்ணித் தாங்கி பூட்ட வந்த அண்டைக்கு உங்கட அப்பா, 'தம்பி ஆரின்ர மகன்?' எண்டு கேட்டவர். சங்கிலியின்ர மகன் எண்டனான். குடிச்ச தேத்தண்ணிக் கோப்பையை அப்பிடியே கீழ வைச்சுப்போட்டு எழும்பிப் போயிட்டார். தேயிலைத் தோட்டத்தில இருந்து வந்த மலைநாட்டாக்கள் எண்டு வாயால சொல்லேல்லை. அந்தப் பேரே போதும், சொல்லத் தேவையில்லைத்தானே.

யதுர்ஷிகா: அப்பா வயலுக்குப் போயிட்டார். அம்மாவிட்டக் கேளுங்கோ.

விஜிதரன்: நான் வந்ததில இருந்து அவ நீத்துப்பெட்டிக் கதைதான்.

யதுர்ஷிகா: பயமோ?

விஜிதரன்: பயமில்லை... ஓம், பயம்தான்.

யதுர்ஷிகா: எனக்கில்லை. ஒண்டு சொல்லுறன், சிரிக்கக்கூடாது. முதலாவது ஹீட்டரைக் கறுவல் உடைக்கேல்லை.

விஜிதரன்: தெரியும்.

யதுர்ஷிகா: என்ன தெரியும்?

விஜிதரன்: சூடா இருக்கேக்க வெளியில எடுத்துப் பச்சைத்தண்ணிக்குள்ள விட்டிருக்கிறியள். கண்ணாடியைச் சுத்தித் தலைமயிர் மாதிரிக் கீறல். மீன் இடிச்சா அப்பிடி வெடிக்காது.

யதுர்ஷிகா: தெரிஞ்சுகொண்டோ அம்மாவிட்ட, 'மீன் பொல்லாதது அன்ரி' எண்டு சொன்னனீங்கள்?

விஜிதரன்: பேந்து? உங்கட மகள் என்னைக் கூப்பிடத்தான் உடைச்சவ எண்டோ சொல்லுறது? மீன் பொல்லாததெண்டாத்தானே நான் திரும்பி வரலாம்.

யதுர்ஷிகா: கள்ளன்.

விஜிதரன்: ரெண்டாவதையும் ஏன் உடைச்சனீங்கள்? ஒண்டு காணாதே?

யதுர்ஷிகா: ரெண்டாவதை நான் தொடவேயில்லை. கறுவலின்ர தழும்பைக் கண்டாப் பிறகு எனக்கு மனம் வரேல்லை. அதாலதானே நீத்துப்பெட்டி போட்டனான். அது கறுவல் உடைச்சதுதான்.

விஜிதரன்: பெட்டிக்குள்ள இருந்ததை எப்பிடி உடைச்சது?

யதுர்ஷிகா: ...வாலால.

விஜிதரன்: பிளக்கைக் கழட்டி, வயரைச் சுருட்டி வைச்சதும் வாலாலயோ? இண்டைக்கு வந்து பாக்கேக்க வயரில திருவின தேங்காய்ப்பூவும் ஒட்டியிருந்தது. நீங்கள் மீனுக்குப் போடுறனீங்களாக்கும் எண்டு நினைச்சன்.

யதுர்ஷிகா: தேங்காய்ப்பூவோ? நான் போடுறேல்லையே... அப்ப ஆர்?

விஜிதரன்: விடுங்கோ. இனி ஒருத்தராலயும் உடைக்கேலாது. ஹீட்டர் உள்ளுக்க ஆடாமல் நிக்குது பாருங்கோ. அடிக்கு மூடி, மேல கட்டு. இப்ப தண்ணிக்குள்ள இறக்குவம்... மெல்ல... கறுவல் வருது.

யதுர்ஷிகா: இடிக்குது.

விஜிதரன்: இடிக்கட்டும்.

யதுர்ஷிகா: ஒண்டும் நடக்கேல்லை... இப்ப சாஞ்சுகொண்டு படுக்குது. இனிச் சுடாதுதானே அதுக்கு?

விஜிதரன்: சுடாது. என்ர வேலை பத்து வருசம் நிக்கும்.

யதுர்ஷிகா: கெட்டிக்காரன். பத்து வருசத்துக்கு உங்களை ஒருத்தரும் கூப்பிடத் தேவையில்லை. வாற வழியை நீங்களே அடைச்சுப்போட்டியள்.

விஜிதரன்: அடைக்கிறதெண்டுதான் வந்தனான். ஹீட்டர் உடைஞ்சதெண்டு சொல்லிக்கொண்டு இனி இந்தப் படலைக்குள்ள வரமாட்டன். வந்தா அப்பா அம்மாவோடதான் வருவன்.

யதுர்ஷிகா: அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? அங்க சொல்லுங்கோ.

விஜிதரன்: அன்ரி...

நேசமலர்: என்ன தம்பி?

விஜிதரன்: கூடு பூட்டியாச்சு. இன்னொரு கதையும் இருக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு முதல் கதைக்கவேணும். யதுர்ஷிகாவை எனக்குக் கேட்டு அப்பாவையும் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வரலாமோ? முதலாவது ஹீட்டரை மீன் உடைச்சதெண்டு உங்களுக்குப் பொய்யும் சொன்னனாங்கள்.

நேசமலர்: எல்லாம் கேட்டது. அரைச்சுவர்தானே. வெள்ளிக்கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ. சுவிஸ் ஆக்களை மறிக்கிறது என்ர வேலை. அண்டைக்குக் கோப்பையைக் கீழ வைச்ச மனுசன் உங்கட அப்பாவுக்குத் தன்ர கையால தேத்தண்ணி குடுப்பார். அதுக்கும் நான் பொறுப்பு.

யதுர்ஷிகா: அப்ப ஏனம்மா இவர் வந்ததில இருந்து அந்த நீத்துப்பெட்டிக்குக் கோவப்பட்டனீங்கள்?

நேசமலர்: கோவம் வராதே? ஹீட்டர் உடையாமத் தடுத்துக்கொண்டிருந்தது அந்தப் பெட்டிதானே. தம்பியின்ர மோட்டச்சைக்கிள் ஒரு மாசமா இந்தப் பக்கம் வரேல்லை. நீ மீனைப் பாக்கிறதும் படலையைப் பாக்கிறதுமாத் திரிஞ்சாய். எனக்குப் பாக்கப் பொறுக்கேல்லை. பிளக்கைக் கழட்டிப்போட்டு, பெட்டியைத் தூக்கி, அகப்பைக் காம்பால ஹீட்டரில ஒரு தட்டு. தேங்காய் திருவின கையைக் கழுவாமப் போனதுதான் என்ர பிழை.